கார்ப்பரேஷன் பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டே: முதல் வேலை கோடு போடுவது

வட சென்னையில் ஒரு சென்னை உயர்நிலைப் பள்ளியின் (மாநகராட்சி நடத்தும் பள்ளிக்கு இதுதான் பெயர்) விளையாட்டு விழா சண்டையில் முடிந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு அங்கே கோடு தப்பாக விழுந்திருக்கும். பந்தல், மைக் செட், சிறப்பு விருந்தினர் எல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். டிராக் மட்டும் அப்படி இல்லை. நான்காவது லேனில் ஓடுகிற பிள்ளைக்கு அரை மீட்டர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு 'நல்லா ஓடியிருக்கலாம்' என்று சொல்வதில் நியாயமே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் டேப்பும் முளையும்தான்.

தேதி

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழை. வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு பக்கத்து மைதானங்களில் மழை விட்டாலும் தண்ணீர் உடனே வடியாது. வடிந்த பிறகும் மேல்மண் சில நாள் வழுக்கும். மார்ச் என்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருக்கும். மிஞ்சுவது இரண்டு இடைவெளி: குறுவட்டப் போட்டிக்கு முந்தைய ஜூலை, ஆகஸ்ட், இல்லையென்றால் பொங்கல் முடிந்து பிப்ரவரி பாதி வரை. இரண்டில் முந்தையதே மேல். ஆகஸ்டுக்குள் பள்ளியில் ஜெயித்த பிள்ளையைக் குறுவட்டத்துக்கு அனுப்பலாம், அங்கிருந்து மாவட்டம், மாநிலம் என்று போகும். பிப்ரவரியில் வாங்கிய பதக்கம் வீட்டு அலமாரியோடு நின்றுவிடும்.

ஜூலையில் சாயங்காலம் திடீரென்று இடியோடு மழை கொட்டும். காலை 6.30-க்குத் தொடங்கி 11 மணிக்குள் ஓட்டப் போட்டிகளை முடிக்கத் திட்டமிடுங்கள். பிப்ரவரிக்காக ஜனவரியில் பயிற்சி வைப்பவர்கள் போகி அன்று காலை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் 800 மீட்டர் ஓடினால் மூச்சிரைப்புக்காரப் பிள்ளைதான் முதலில் விழும்.

இடம் எவ்வளவு வேண்டும்

நான்கு லேனோடு 200 மீட்டர் டிராக் போட 90 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் தேவை. பள்ளி காம்பவுண்டுக்குள் இவ்வளவு இடம் பெரும்பாலும் கிடையாது. பக்கத்து மாநகராட்சி மைதானத்துக்கு அனுமதிக் கடிதம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். கடிதத்தோடு நிற்காமல், அங்கே தினமும் சாயங்காலம் பந்து ஆடும் ஏரியா பசங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் மைதானம் ஒருநாள்கூடச் சும்மா கிடக்காது. சொல்லாமல் முந்தின நாள் கோடு போட்டால் இரவுக்குள் பாதி அழிந்திருக்கும். சொல்லிவிட்டால் காலையில் அவர்களே வந்து முளை அடித்துக் கொடுப்பார்கள்.

70-க்கு 40 மீட்டர் இருந்தால் 150 மீட்டர் டிராக் போடலாம். அதற்கும் குறைவென்றால் வட்டம் போடும் ஆசையை விடுங்கள். வளைவு இறுகினால் வேகமாக வருகிற பிள்ளை வெளிலேனுக்கு வீசப்படும், கணுக்கால் பிசகும். நேராக 50 மீட்டர் ஓட்டமும், எதிரெதிராக நின்று கொடுத்து வாங்கும் ஷட்டில் ரிலேயும் போதும்.

டிராக் போடுவது

தேவையான சாமான்: 50 மீட்டர் ஸ்டீல் டேப் இரண்டு, ஒன்றரை அடி கம்பி முளை ஆறு, சுத்தியல், ஆறு அங்குல ஆணி ஒன்று, சின்னக் கம்பித் துண்டுகள் இருநூற்றிருபது, வெள்ளைத் தூள். நைலான் கயிற்றை அளக்கப் பயன்படுத்தாதீர்கள். 18.90 மீட்டர் கயிறு இழுத்த இழுப்பில் நூற்றுக்கு ஒன்று நீண்டாலே ஆரம் 19 சென்டிமீட்டர் கூடிவிடும். ஒரு சுற்றில் அது 1.19 மீட்டர்.

தூளுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். வெறுங்காலில் ஓடுகிற பிள்ளைகளுக்குத் தோல் எரியும், விழுந்தவர் கண்ணில் பட்டால் ஆபத்து. கோலமாவாக விற்கும் வெள்ளைக்கல் தூளே போதும். ஐந்து கோடுகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 1,070 மீட்டர். 5 சென்டிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் 10 மீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். சிந்துவது, அழித்துப் போடுவது எல்லாம் சேர்த்து 50 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும்.

கணக்கு இதுதான். நேர்ப்பகுதி 40 மீட்டர், அப்படி இரண்டு, ஆக 80. மிச்சம் 120 மீட்டர் இரண்டு வளைவுக்கு. அதை 2π-ஆல் வகுத்தால் 19.10. இது ஓடுகிற பிள்ளையின் பாதைக்கு உள்ள ஆரம், கோட்டுக்கு உள்ளது அல்ல. உள்விளிம்பில் திட்டு கட்டாமல் வெறும் தூள் கோடு போடும்போது, ஓட்டப்பாதை கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகத்தான் விதி. ஆகவே கோட்டின் ஆரம் 18.90.

மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். ஒன்று 'அ', மற்றது 'ஆ'. முளை செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் டேப்பின் வளையம் நகரும். இப்போது ஒரு டேப்பின் வளையத்தை 'ஆ'-வில் மாட்டி 18.90-ஐப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கவாட்டில் போகட்டும். இன்னொரு டேப்பை 'அ'-வில் மாட்டி 44.24-ஐப் பிடித்து மற்றவர் வரட்டும். இரண்டு டேப்பும் தொய்வில்லாமல் எந்தப் புள்ளியில் சேர்கிறதோ, அங்கே நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்குகிறது. அதே போல எதிர்ப்பக்கம் ஒன்று. பிறகு டேப்புகளை இடம் மாற்றி 'அ' பக்கத்தில் இரண்டு. நான்கு மூலையும் கிடைத்துவிடும். மூலைமட்டமோ, செங்கோணம் பிடிக்கிற மூன்று நான்கு ஐந்து வித்தையோ தேவையில்லை. 150 மீட்டர் டிராக்குக்கு இதே எண்கள் 30 மீட்டர் நேர்ப்பகுதி, 14.12 ஆரம், 33.16 மூலைவிட்டம்.

வளைவுக்கு 'அ'-வில் டேப்பை மாட்டி, 18.90-ல் ஆணியை டேப்போடு சேர்த்துப் பிடித்து, மண்ணைக் கீறிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை நடக்க வேண்டும். டேப் தரையோடு ஒட்டிப் போகட்டும், நடுவில் கல்லில் ஏறினால் அளவு குறையும். கீறல் எதிர்மூலைப் புள்ளியில் சரியாக வந்து சேர்ந்தால் எல்லாம் சரி. ஐந்து சென்டிமீட்டர் விலகினால் முளை சாய்ந்திருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும் ஆரத்தில் 5 சென்டிமீட்டர் தப்பு முழுச் சுற்றில் 31 சென்டிமீட்டர். அடுத்தடுத்த லேனுக்கு 1.22 மீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள்: 20.12, 21.34, 22.56, 23.78.

தூளை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆணிக் கீறல் என்பது கோட்டின் வெளிவிளிம்பு. தூள் எப்போதும் கீறலுக்கு உள்பக்கம் விழ வேண்டும், ஐந்து கோட்டிலும் ஒரே மாதிரி. ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் தூவினால் ஒரு லேன் 1.17, பக்கத்து லேன் 1.27 என்று ஆகிவிடும். பால் டின்னின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஆணியால் துளை போட்டு, கையில் தட்டிக்கொண்டே போனால் கோடு சீராக விழும். வேகமாக நடந்தால் திட்டுத் திட்டாகும்.

கீறலை முந்தின நாளே முடித்து, ஐந்து மீட்டருக்கு ஒரு கம்பித் துண்டை மண் மட்டத்துக்கு அடித்து வையுங்கள். தூளை மட்டும் விழா நாள் காலை 5 மணிக்குப் போட்டால் போதும். போட்ட கையோடு துண்டுகளைப் பிடுங்கி எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் யாராவது ஒரு பிள்ளையின் பாதத்தில்தான் கிடைக்கும்.

ஸ்டாக்கர்

முழுச் சுற்று ஓட்டத்தில் வெளிலேன்காரர் முன்னால் நின்று தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் ஸ்டாக்கர். புத்தகங்களில் 7.04, 14.70, 22.37 என்று இருக்கும். அது முதல் லேனுக்கு உள்பக்கம் திட்டு கட்டிய டிராக்குக்கு. தூள் கோடு மட்டும் போட்ட டிராக்கில் இரண்டாவது லேனுக்கு 7.67, மூன்றாவதுக்கு 15.33, நான்காவதுக்கு 23.00 மீட்டர். புத்தக எண்ணை அப்படியே தூக்கிப் போட்டால் இரண்டு முதல் நான்கு வரை ஒவ்வொருவரும் 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள். முதல் லேன் மட்டும் 'ராசியான லேன்' ஆகிவிடும்.

இன்னொரு தப்பு: 'நம்ம டிராக் சின்னது, அதனால் ஸ்டாக்கரும் பாதி' என்று குறைப்பது. ஸ்டாக்கர் லேன் அகலத்தால் வருவது, ஆரத்தால் அல்ல. 400 மீட்டர் டிராக்கானாலும் 150 மீட்டர் டிராக்கானாலும் ஒரு முழுச் சுற்றுக்கு அதே எண்தான். ஒரே ஒரு வளைவு வருகிற ஓட்டத்துக்கு மட்டும் பாதி: 3.83, 7.67, 11.50. 200 மீட்டர் டிராக்கில் 100 மீட்டர் ஓட்டம் அப்படித்தான் வரும், ஏனென்றால் நேர்ப்பகுதி 40 மீட்டர்தான். 4×100 ரிலேயை இரண்டு சுற்றும் லேனிலேயே ஓடவிட்டால் இரட்டிப்பு: 15.33, 30.66, 46.00.

ஸ்டாக்கரை அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே, வளைவின் போக்கிலேயே அளக்க வேண்டும். டேப்பை நேராக இழுத்தால் வளைவை வெட்டிவிடும். டேப்பைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, மீட்டருக்கு ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் அங்கே தானாக நடந்துவிடும்.

நேர் ஓட்டமும் சுவரும்

50 மீட்டரோ 80 மீட்டரோ, முடிவுக் கோட்டுக்கு அப்பால் 15 மீட்டர் காலியிடம் கட்டாயம். காம்பவுண்டுச் சுவர் எட்டு மீட்டரில் வருகிறதென்றால் ஓட்டத்தின் தூரத்தைக் குறையுங்கள். சுவருக்கு முன் ஆள் நிறுத்திப் பிடிப்பது தீர்வல்ல. இரண்டு பேர் மணிக்கட்டு போகும்.

ஓடுகிற இடம் முழுவதையும் காலை 5.30-க்கு இருபது பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லு, பாட்டில் மூடி, ஆணி என்று ஒரு பக்கெட் நிறையச் சேரும். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில்தான் ஓடுவார்கள். மண்ணில் அதில் தப்பில்லை, ஆனால் நேரு ஸ்டேடியம் மாதிரி சிந்தெடிக் டிராக்குக்குப் போனால் பத்து மணி வெயிலில் பாதம் கொப்பளிக்கும்.

தாண்டுதல், எறிதல்

நீளம் தாண்டும் குழி 2.75 மீட்டர் அகலம், பள்ளி அளவுக்கு 6 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் ஒன்றே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) மணல் பிடிக்கும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போடாதீர்கள். அதன் முனை கூர்மை, முழங்காலைச் சிராய்க்கும், மழை பெய்தால் இறுகிவிடும். ஆற்று மணல் கிடைக்கவில்லையென்றால் சலித்து, தூசு போக அலசிய பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான நைசான மணல்) பரவாயில்லை. காசிமேட்டுக் கடற்கரை பக்கத்தில்தானே என்று அங்கிருந்து அள்ளி வருவது சட்டப்படி தப்பு. முந்தின நாள் மாலை மண்வெட்டியால் கிளறி, தண்ணீர் தெளித்து விடுங்கள். காய்ந்த மணலில் குழி சரிந்து மூடிவிடும், எங்கே விழுந்தார் என்று அளக்க முடியாது. தாண்டும் பலகைக்கு மிக அருகில் பதிந்த தடத்திலிருந்துதான் அளவு; குதிகால் பின்னால் விழுந்து கை ஊன்றினால் கை பட்ட இடத்திலிருந்து.

குண்டு எறிதல் வட்டம் 2.135 மீட்டர் விட்டம். எறியும் எல்லைக் கோணம் 34.92 டிகிரி என்று படித்துவிட்டு புரோட்ராக்டரைத் தேட வேண்டாம். வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து 10 மீட்டர் தள்ளி இரண்டு கோடுகளுக்கும் இடையே 6 மீட்டர் இருந்தால் கோணம் வந்துவிடும். சின்ன மைதானத்தில் ஓட்டமும் குண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. குண்டை முந்தின நாளே முடித்துவிடுங்கள். எறிந்த குண்டைத் திரும்ப உருட்டியோ எறிந்தோ அனுப்பக் கூடாது, கையில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

ரிலே குச்சிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பிளம்பிங் கடையில் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள பி.வி.சி. பைப் ஒன்றேகால் மீட்டர் வாங்கி 29 சென்டிமீட்டராக நான்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அணிக்கு ஒரு நிறம் அடித்தால் முடிந்தது. விதிப்படி நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. இந்த பைப் தாராளமாகத் தேறும். 4×100 ரிலேயில் குச்சி மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். பழைய 20 மீட்டரும் 10 மீட்டர் முன்னோட்டமும் 2017 நவம்பரோடு போய்விட்டது.

ஹீட்ஸும் நடுவர்களும்

நான்கு லேன், நாற்பது பிள்ளைகள் என்றால் பத்து ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று. ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஹீட்ஸ் எல்லாவற்றையும் முந்தின வாரம் பி.டி. பீரியடிலேயே முடித்துவிட்டு, விழா நாளில் ஃபைனல் மட்டும் வையுங்கள். எல்லாப் பிள்ளையும் ஒருமுறையாவது கோட்டில் நின்று ஓடியிருக்கும், வெயிலிலும் நிற்க வேண்டியிருக்காது. ஃபைனலுக்கு ஆள் எடுக்கும்போது ஹீட்ஸில் முதலில் வந்தவர்களை வைத்து அரையிறுதி நடத்துங்கள். செல்போன் ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரத்தை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தால் வாட்ச் பிடித்தவரின் கட்டைவிரல்தான் ஜெயிக்கும்.

நேரம் எடுத்தே தீர வேண்டுமென்றால், ஓட்டத்தைத் தொடங்க அடிக்கும் மரக் கிளாப்பரின் சத்தத்துக்கு அல்ல, அதன் பலகை மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். 100 மீட்டர் தள்ளி சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். மூன்று வாட்ச் வைத்து நடுவில் உள்ளதை எடுங்கள். 13.21 என்று காட்டினால் 13.3 என்றுதான் எழுத வேண்டும், 13.2 அல்ல.

முடிவுக் கோட்டில் லேனுக்கு ஒரு நடுவர் போடுவது வழக்கம். அது தப்பு. இடத்துக்கு ஒருவர் போடுங்கள்: ஒருவர் முதலில் வருபவரை மட்டும் பார்ப்பார், அடுத்தவர் இரண்டாவதை மட்டும். கோட்டின் நீட்சியில் ஐந்து மீட்டர் தள்ளி, பெஞ்சை ஒன்றின் மேல் ஒன்று படிபோலப் போட்டு உட்கார வையுங்கள். நெஞ்சு கோட்டைத் தொடுவதே கணக்கு; தலையோ நீட்டின கையோ அல்ல. விருந்தினர் பந்தலை முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரில் போடாதீர்கள். போட்டோ எடுப்பவர்கள் எல்லாரும் நடுவர் கண்ணுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

மயங்கி விழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வெயில் காரணமல்ல, வெறும் வயிறு. காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை டீயோடு வந்திருக்கும். ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஆளுக்கு இரண்டு வாழைப்பழமோ ஒரு பன்னோ கொடுத்துவிடுங்கள். விழாச் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பொன்னாடை வாங்கும் காசே இதற்குப் போதும். தண்ணீர் பிள்ளைக்கு ஒரு லிட்டர்: 300 பேருக்கு 20 லிட்டர் கேன் பதினைந்து. ஒரு கேனைத் தனியாக வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கலாம். லிட்டருக்குச் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் வாந்தி வரும், கண்ணளவில் போடாதீர்கள்.

அணிவகுப்பு, கேரம்

சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு அணி. அணிவகுப்புக்கு நிமிடத்துக்கு 120 எட்டு என்ற டிரம் தாளம். அதற்கு நான்கு நாள் பயிற்சி போதும், பத்து நாள் வகுப்பைக் கெடுக்க வேண்டாம். தீபத்துக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நன்றாகப் பிழிந்துவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் எரிகிற சொட்டு கையில் வழியும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

வட சென்னைப் பள்ளியில் கேரம் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் டே நிறைவு பெறாது. 1996-ல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும், 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் நம் ஊர்க்காரர்கள். வண்ணாரப்பேட்டையில் தெருவுக்கு ஒரு போர்டு இருக்கும். ஓடாத பிள்ளைகளுக்கு இதுதான் மேடை. போர்டை டெஸ்க் மேல் வைக்காமல் ஸ்டாண்டில் வைத்து, நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் ஆடினால் அட்டை சொருகுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த போர்டில் காய் தானாக நகரும், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போரிக் பவுடரை அள்ளிக் கொட்டுவதும் இதே வம்புதான்: ஸ்ட்ரைக்கர் வழுக்கி நிற்காது. இதை வராண்டாவில், மைக் சத்தம் எட்டாத பக்கமாக வையுங்கள்.

முடிந்த பிறகு

முதல் மூன்று இடங்களை வயதுப் பிரிவோடு, 14 வயதுக்குள், 17 வயதுக்குள் என்று பிரித்து அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். குறுவட்ட நுழைவுப் படிவத்துக்குப் பிறந்த தேதிச் சான்றும் கேட்பார்கள், அதைத் தேடுவதில்தான் நல்ல ஓட்டக்காரர்கள் விடுபட்டுப் போகிறார்கள். டேப்பை மண் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிச் சுருட்டுங்கள். உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து எண் அழியும். 'அ', 'ஆ' முளைகளைப் பிடுங்கின குழியில் தலா ஒரு செங்கல்லை அரை அடி ஆழத்தில் புதையுங்கள். காம்பவுண்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் அதற்கு உள்ள தூரத்தை அளந்து பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் யார் பி.டி. மாஸ்டராக வந்தாலும், மண்வெட்டியோடு போய் அரை மணி நேரத்தில் டிராக்கைத் தொடங்கிவிடலாம்.